ஆடும் சுடர்

தங்கத்தில் ஒரு வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு நெருப்பு ஒரே மாதிரி நிற்க வேண்டும். சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பும் வெள்ளியும் கலந்த 22 கேரட் தங்கம் அதற்கும் கீழே உருகும். இணைப்பில் வைக்கும் பொடி இன்னும் கீழே. பொடி உருகி ஓடும் வெப்பத்துக்கும் நகையே இளகிப்போகும் வெப்பத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகம் போனால் நூறு டிகிரி. நுணுக்கமான வேலைகளில் அதுவும் கிடைக்காது. ஆனால் கையில் இருக்கும் சின்ன கேஸ் டார்ச்சின் சுடர் 1900 டிகிரியை எட்டக்கூடியது.

அப்படிப்பட்ட நெருப்பை வைத்துக்கொண்டு நகையை அந்த நூறு டிகிரிச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, வேலை முடிந்த கணத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. கண்தான். முதலில் வெங்காரம் பொரிந்து பொங்கும். பிறகு அடங்கி, கண்ணாடிபோல் படரும். அது நடப்பது 740 டிகிரி வாக்கில். தங்கம் மங்கலாகச் சிவக்கும். பொடி ஒரு கணம் மினுங்கி, சந்துக்குள் ஓடி மறையும். அந்த மினுக்கத்தைக் கண்டவுடன் சுடரை விலக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் நகை போய்விடும்.

சுடர் தானாகவே ஆடிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பத்தர் சுடரைத் தள்ளிப் பிடித்தால் பொடி ஓடாது. கிட்டே கொண்டுவந்தால், சுடர் நீளும் நேரமாகப் பார்த்து மெல்லிய கம்பி உருண்டையாகச் சுருண்டுகொள்ளும்.

என் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது.

*

பெரியப்பாவுக்கு 68 வயது. கோவை செல்வபுரத்தில் வீட்டின் முன்னறைதான் பட்டறை. பதிமூன்று வயதில் அவருடைய மாமாவிடம் வேலை பழக உட்கார்ந்தவர். அப்போது கேஸ் கிடையாது. உமியோட்டில் கரி நெருப்பு, பக்கத்தில் எண்ணெய் விளக்கு, வாயில் ஊதுகுழல். விளக்குச் சுடரின் ஓரத்தில் குழலின் முனையை வைத்து ஊதினால் சுடர் பக்கவாட்டில் திரும்பி, ஊசிபோல் கூர்மையாகப் பாயும். 'பொடி வைத்து ஊதுவது' என்று இன்று வேறு அர்த்தத்தில் சொல்கிறோமே, அது இந்த வேலைதான்.

ஊதுவதில் ஒரு வித்தை உண்டு. காற்று நெஞ்சிலிருந்து நேராகப் போகக்கூடாது. கன்னங்களை உப்ப வைத்து, கன்னத்தின் அழுத்தத்தால் குழலுக்குக் காற்றைக் கொடுத்துக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். நாகஸ்வரக்காரர்கள் செய்வதும் இதேதான். கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனதாகப் பெரியப்பா சொல்வார். "மூச்சு வாங்கறது நெருப்புக்குத் தெரியக்கூடாது சாமி. தெரிஞ்சா மாமா முதுகுலயே ஒண்ணு வைப்பாரு."

பிறகு கேஸ் வந்தது. வாய்க்குப் பதிலாக மிதி துருத்தி வந்தது. காலால் மிதித்தால் ஒரு ரப்பர் பை உப்பி, காற்றைச் சீராக டார்ச்சுக்கு அனுப்பும். அந்த ரப்பர் பை செய்வது கன்னம் செய்த வேலைதான். டார்ச்சில் இரண்டு ட்யூப். ஒன்றில் கேஸ், இன்னொன்றில் காற்று. கேஸுக்கு ஒரு 5 கிலோ சிலிண்டர். ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்குப் போடும் அதே வகை.

போன வருடம் நடுவில் சுடர் ஆட ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. தீபாவளி வேலை நேரத்தில் தினமும். நீல முனை சுருங்கும், நீளும், சில சமயம் அணைந்தே போகும். அப்படி ஒரு நாளில், ஒரு வாடிக்கையாளர் அம்மா கொண்டுவந்திருந்த பழைய தோட்டைப் பழுது பார்க்கும்போது, ஓரத்தில் வரிசையாக இருந்த குண்டுமணிகளில் மூன்று உருகி ஒன்றாகிவிட்டன. அந்த அம்மாவின் பாட்டி காலத்துத் தோடு அது. பெரியப்பா தன் கைத் தங்கத்தைப் போட்டு மணிகளைப் புதிதாக உருட்டி வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு வரவும் இல்லை.

அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், துருத்தியைச் சந்தேகப்பட்டான். புதுத் துருத்தி வந்தது. சுடர் அப்போதும் ஆடியது. அண்ணனே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். சுடர் அசையாமல் நின்றது. மறுபடி பெரியப்பா உட்கார்ந்தார். ஆடியது. மூன்று முறை மாறி மாறிச் செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியே.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அண்ணன் என்னை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னான். "நெருப்புல ஒண்ணுமில்லடா. அப்பாவுக்குக் கால் ஒத்துழைக்கல. கையும் நடுங்குது. சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. நீ சொன்னா கேப்பாரு. இந்த வருசத்தோட போதும்னு எடுத்துச் சொல்லு."

கீழே வந்தபோது பெரியப்பா தனியாகச் சொன்னார். "எனக்கு நெருப்பு தெரியும் கண்ணு. அம்பத்தஞ்சு வருசமாப் பாக்கறேன். இது என் கால் இல்ல."

இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை.

*

சுடர் ஏன் ஓர் இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துத் தொடர் உரைகள் நடத்தினார். அவ்வளவு பேசுவதற்கு ஒரு சுடரில் விஷயம் இருக்கிறது.

டார்ச்சுக்குள் கேஸும் காற்றும் கலக்கின்றன. எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது. புரொப்பேன் காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால், தீ அந்தக் கலவைக்குள் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் பரவும். கலவை வெளியே பாய்கிறது, தீ உள்ளே போகப் பார்க்கிறது. இரண்டு வேகமும் சமமாகும் இடத்தில் அந்த நீலக் கூம்பு நிற்கிறது. பாய்ச்சல் அதிகமானால் சுடர் முனையை விட்டு எழும்பி அணைந்துவிடும். குறைந்தால் 'டப்'பென்று உள்ளே போய்விடும். கூம்புக்குச் சற்று வெளியே இருக்கும் இடம்தான் அதிகச் சூடு. பத்தர் நகையைக் காட்டுவது அங்கேதான். கூம்பு நீண்டு சுருங்கினால் அந்த இடமும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சுடர் ஆடுகிறது என்றால் கேஸின் வரத்து மாறுகிறது, அல்லது காற்றின் வரத்து மாறுகிறது, அல்லது முனையில் ஏதோ தடை. ஜெட்டின் துளையில் தூசி அடைக்கலாம். சிலந்திகூட அடைக்கலாம். 2011-ல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் ஆவிக் குழாயில் ஒரு வகை மஞ்சள் சிலந்தி வலை கட்டியதால்தான். ரெகுலேட்டரின் சவ்வு தளரலாம். ட்யூப் மடங்கலாம். சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் குறையலாம். துருத்தியின் வால்வுத் தோல் காய்ந்து போகலாம்.

இத்தனையில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். காசு தீரும்வரை மாற்றலாம்.

என் தொழிலில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். எப்போதும் வரும் பிழை எளிது, பிடித்துவிடலாம். எப்போதாவது வந்து, நாம் பார்க்கப் போகும்போது ஒளிந்துகொள்ளும் பிழைதான் தூக்கத்தைக் கெடுக்கும். 1985-ல் ஜிம் கிரே கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பது குறித்து எழுதிய அறிக்கையில், இவ்வகைப் பிழைகளை 'ஹைசன்பக்' என்ற பெயரில் குறிப்பிடுகிறார். இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து வந்த வேடிக்கைப் பெயர் அது. இவற்றைத் தேடும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி 'எது கெட்டது' என்பதாக இருக்காது. 'இது எதோடு சேர்ந்து வருகிறது' என்று கேட்போம். தினமும் இரவு இரண்டு மணிக்குத்தான் வருகிறதா? குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தில் மட்டும் வருகிறதா? பெரும்பாலும் பதில் அங்கிருந்துதான் கிளம்பும்.

நெருப்புக்கும் இது பொருந்தும். 1878-ல் ராலே பிரபு, சுடர் ஒன்று குழாயைப் பாட வைப்பது ஏன் என்று விளக்கினார். அழுத்தம் கூடும் அதே கணத்தில் வெப்பமும் கூடினால் ஆட்டம் வளரும், எதிர்க் கணத்தில் கூடினால் அடங்கும். 1960-களில் நாசாவின் எஃப்-1 ராக்கெட் எஞ்சின்களுக்குள் நெருப்பு இப்படி ஆடி எஞ்சினையே சிதைத்தது. பொறியாளர்கள் எரியும் எஞ்சினுக்குள் சின்ன வெடியை வெடிக்க வைத்து, வேண்டுமென்றே ஆட்டத்தைக் கிளப்பி, அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

*

மறுநாள் காலை பட்டறையில் உட்கார்ந்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சற்று மூடினேன். வேடிக்கை பார்க்கும் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது.

"பெரியப்பா, நீங்க எப்பவும் போல மிதிங்க. வேலை செய்ய வேண்டாம். நான் சும்மா பாக்கறேன்."

அவர் மிதித்தார். நீலக் கூம்பு, கால் கீழே போகும்போதெல்லாம் ஒரு முறை குலுங்கியது. சந்தேகமே இல்லை, காலோடு சேர்ந்துதான் ஆடியது. அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

பிறகு காற்று ட்யூபின் குழாயை டார்ச்சில் மூடச் சொன்னேன். இப்போது கேஸ் மட்டும். கூம்பு போய், மஞ்சளாக, புஸ்ஸென்று ஒரு சுடர். அதற்கும் துருத்திக்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை.

"இப்பவும் மிதிங்க பெரியப்பா."

"காத்தே போகலையே சாமி, எதுக்கு?"

"சும்மா மிதிங்க."

மிதித்தார். மஞ்சள் சுடர் குலுங்கியது.

அண்ணன் உள்ளே வந்து குனிந்து பார்த்தான். துருத்தியிலிருந்து காற்றே வராதபோது, துருத்தியை மிதித்தால் கேஸ் சுடர் ஏன் ஆட வேண்டும்? காலை எடுக்கச் சொன்னேன். குலுக்கல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மிகவும் மெதுவாக, மூச்சு விடுவதுபோல், சுடர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் யாரும் பேசவில்லை. டார்ச்சைக் காதருகே கொண்டுபோனேன். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் காதை வைத்தேன். களக், களக் என்று ஒரு சின்னச் சத்தம். ஹூக்கா புகைப்பவர் அருகில் உட்கார்ந்தால் கேட்கும் சத்தம் அது.

சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று அதற்குள் கணக்குப் போட்டிருந்தேன். இந்த டார்ச் ஒரு கிலோவாட் அளவு வெப்பம் தருவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு எண்பது கிராம் கேஸ்கூடச் செலவாகாது. அந்த வேகத்துக்குச் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழ வாய்ப்பில்லை. தொட்டும் பார்த்தேன், அறையின் சூட்டில்தான் இருந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் கசிவும் இல்லை.

மேசைக்கு அடியில் கேஸ் ட்யூப் சிலிண்டரிலிருந்து இறங்கி, தரையில் ஒரு வளைவு வளைந்து, துருத்தியின் பலகையை உரசிக்கொண்டு மேலே ஏறியது. பெரியப்பாவின் கால் பலகையை மிதிக்கும்போதெல்லாம் ட்யூபின் வளைவும் ஒரு முறை அசைந்தது.

அந்த வளைவை மட்டும் கையால் தூக்கிப் பிடித்தேன். சுடர் ஒரு முறை துள்ளி, நின்றது. கீழே விட்டேன். ஆடியது. தூக்கினேன். நின்றது.

"மறுபடியும் மிதிங்க பெரியப்பா."

மிதித்தார். அசையவே இல்லை.

அண்ணன் மிதித்தபோது ஏன் சுடர் நின்றது என்பதும் அப்போது விளங்கியது. அவன் உயரமானவன். ஸ்டூலைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, டார்ச்சையும் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பான். அவன் இழுத்த இழுப்பில் ட்யூபின் வளைவு தரையை விட்டு எழும்பிவிடும். பெரியப்பா மேசையோடு ஒட்டி உட்காருபவர். ட்யூப் மறுபடி தரைக்கு இறங்கும். மூன்று முறை என்ன, முப்பது முறை மாறி உட்கார்ந்திருந்தாலும் கால்தான் காரணம் என்றே தோன்றியிருக்கும்.

*

சிலிண்டரை மூடி, ட்யூபில் மிச்சமிருந்த கேஸை எரித்துத் தீர்த்தோம். வெளியே திண்ணையில் வைத்து, சுற்றிலும் நெருப்போ ஸ்விட்ச்சோ இல்லை என்று பார்த்துக்கொண்டு ட்யூபைக் கழற்றிக் கவிழ்த்தோம். ஒரு மேசைக்கரண்டி அளவு எண்ணெய் வழிந்தது. தேநீர் நிறம். கேஸுக்குச் சேர்க்கும் அந்த நாற்றம் பத்து மடங்காக அடித்தது.

எல்பிஜியில் எளிதில் ஆவியாகாத கனமான எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கும். ரப்பர் ட்யூபிலிருந்தும் வருடக்கணக்கில் ஊறி வரும். சிலிண்டர் நிமிர்ந்து நின்றால் மேலே இருக்கும் ஆவிதான் வெளியே போகும், எண்ணெய் அடியில் தங்கிவிடும். ஆனால் மாதக் கடைசியில் கேஸ் தீரும்போது நம் வீடுகளில் என்ன செய்வோம்? சிலிண்டரைப் படுக்க வைப்போம். பட்டறையிலும் அதுதான் பழக்கம். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டர் வழியாக ட்யூபுக்குள் வரும், அடியில் கிடந்த எண்ணெயையும் வாரிக்கொண்டு. அந்தத் திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும் என்பதால் இது ஆபத்தான வேலை. சுடர் ஆடுவதெல்லாம் அதில் மிகச் சின்ன விளைவுதான்.

வளைவில் தேங்கிய எண்ணெய் என்ன செய்யும்? வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். அதாவது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவு, அவ்வளவுதான். வளைவில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் எதிர்த்து நின்றால், அதைத் தள்ளுவதற்கே அந்த அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். கேஸ் முட்டி நிற்கும், தள்ளும், ஒரு குமிழாகப் பீறிட்டு மேலே போகும், எண்ணெய் மறுபடி வந்து அடைக்கும். ஒவ்வொரு குமிழுக்கும் கூம்பு ஒரு முறை நீளும். யாராவது ட்யூபை அசைத்தால் குமிழ்கள் அந்த அசைவுக்கு ஏற்றபடி கிளம்பும்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சிலிண்டரைப் படுக்க வைப்பது இருபது வருடப் பழக்கம். ஆட்டம் ஏன் போன வருடம் வந்தது?

"அந்தச் சமயத்துல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே," என்றார் பெரியப்பா.

பெரியம்மா சமையலறையிலிருந்து சொன்னார். "முட்டி வலிக்குதுன்னு மேசை போட்டது அப்பதானே?"

அதுவரை பெரியப்பா தரையில் சம்மணமிட்டு, தாழ்ந்த பட்டறைப் பலகையின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர். துருத்தி ஒரு பக்கம், கேஸ் ட்யூப் பலகையின் மேலேயே நீளமாகக் கிடக்கும். உள்ளே எண்ணெய் இருந்தாலும் நீளத்துக்கும் பரவிக் கிடந்திருக்கும், வழியை அடைத்திருக்காது. முட்டி வலி வந்ததும் அண்ணன்தான் நல்ல தேக்கு மேசையும் ஸ்டூலும் செய்து கொண்டுவந்து போட்டான். மேசை உயர்ந்தது, சிலிண்டர் தரையிலேயே இருந்தது. நடுவில் ட்யூப் தொங்கியது. அப்பாவுக்கு வலிக்கக்கூடாது என்று மகன் போட்ட மேசைதான், அப்பாவின் கால் சரியில்லை என்று அந்த மகனையே சொல்ல வைத்தது.

அண்ணன் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். புது ட்யூப் வாங்கி வந்தான். ஏஜென்சியில் சொல்லி ரெகுலேட்டரையும் மாற்றினோம். பழைய ட்யூபில் அச்சிட்டிருந்த வருடத்தைத் துடைத்துப் பார்த்தோம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள், ஒன்பது வருடமாக ஓடியிருக்கிறது. புது ட்யூபை அளவாக வெட்டி, மேசைக் காலில் இரண்டு கொக்கி அடித்து, எங்கும் கீழே இறங்காமல் ஏறிக்கொண்டே போகும்படி மாட்டினோம்.

*

சாயங்காலம் பெரியப்பா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தார். முதலில் தங்கம் எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக் கொலுசின் அறுந்த வளையத்தை எடுத்தார். வெங்காரத்தைத் தொட்டு வைத்தார், சாமணத்தால் பொடியை வைத்தார். டார்ச்சைப் பற்றவைத்து மிதிக்க ஆரம்பித்தார். கூம்பு வரைந்து வைத்ததுபோல் நின்றது.

சுடர் அசையாமல் நின்றதால்தான் இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கை நடுங்கியது. அதிகம் இல்லை, ஆனால் நடுங்கியது. அண்ணனும் பார்த்தான். அவன் சொன்னதில் பாதி உண்மைதான். பெரியப்பா மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திவைத்துக்கொண்டார். நடுக்கம் விரல் நுனிவரை போகவில்லை. பொடி மினுங்கியது. சுடர் விலகியது.

"நடுங்கற கைக்கு மேசையோரம் இருக்கு," என்றார் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெருப்பு நடுங்கினா எங்க சாய்க்கறது?"

அன்று இரவு சாப்பிடும்போது அண்ணன்தான் பேச்சை எடுத்தான். வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. கண் டாக்டரையும் நரம்பு டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றான். மணி வைக்கும் வேலை காலையில் மட்டும், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது செய்யட்டும் என்றான். பெரியப்பா கொஞ்ச நேரம் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சரி, போலாம்," என்றார். "என்னைக்கோ ஒரு நாள் கைதான் காரணம்னு ஆகும். அது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ சொல்ல வேண்டியதில்ல, நானே எந்திரிச்சுருவேன். ஆனா நெருப்பு செஞ்ச தப்புக்கு எந்திரிக்க மாட்டேன்."

பட்டறைச் சுவரில், குந்துமணி எடைக் கணக்குகளும் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களும் கிறுக்கியிருக்கும் இடத்தில், இப்போது ட்யூப் மாற்றிய தேதியும் இருக்கிறது. அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்தில், சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது என்று ஒரு வரி.